பூட்ட வேண்டிய கதவும் திறக்க வேண்டிய கதவும்



இரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் பெருமையாகச் சொன்னாள்:

"அப்புச்சி, இன்னிக்கு எங்க கிளாஸ்ல லாக்டவுன் டிரில். லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு மூலையில உட்கார்ந்தோம். நான் சத்தமே போடலை. மிஸ் குட் ஜாப் சொன்னாங்க."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் விளங்கவில்லை. லாக்டவுன் என்றால் நமக்கு 2020 கொரோனாதான் நினைவுக்கு வரும். குழந்தை தூங்கிய பிறகு மகள் விளக்கினாள். பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை அது. ஆசிரியை உள்ளேயிருந்தே கதவைப் பூட்டிவிடுவார், பிள்ளைகள் கதவுக்கு நேரே தெரியாத மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். எல்லோரும் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடத்துக்கு மேல் பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் இருந்தவன். எத்தனை வகுப்பறைக்குக் கதவு வரைந்திருப்பேன்! ஆசிரியை சிரித்துக்கொண்டே காட்டினார். உள்பக்கம் ஒரு சின்னத் திருகு. அதைத் திருப்பினால் வெளிக் கைப்பிடி வேலை செய்யாது. ஆனால் உள்கைப்பிடியை யார் அழுத்தினாலும், இரண்டாம் வகுப்புப் பிள்ளை அழுத்தினாலும்கூட, கதவு திறந்துவிடும். சில வருடங்களுக்கு முன்வரை சாவித் துளை வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்ததாம்.

அந்தச் சின்னத் திருகுக்குப் பின்னால் 140 வருடக் கதை இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கதையின் தொடக்கம் பூட்ட முடியாத கதவு அல்ல, திறக்க முடியாத கதவு.

1883 ஜூன் 16. இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் என்ற ஊர். அங்கே விக்டோரியா ஹால் என்ற அரங்கில் குழந்தைகளுக்கான வேடிக்கை நிகழ்ச்சி. முடிவில் பரிசு கொடுப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். மேடையிலிருந்து கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்ததும், மாடியில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். கீழே ஒரு கதவு. சீட்டைச் சரிபார்ப்பதற்காக ஒரு பிள்ளை மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டு அதைத் தாழ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதுவும் உள்நோக்கித் திறக்கும் கதவு. முன்னால் வந்தவர்கள் சிக்கிக்கொள்ள, பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். எல்லோரும் 3 வயதிலிருந்து 14 வயதுக்குள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு பிரிட்டனில் பொது அரங்குகளின் கதவுகள் வெளிப்பக்கம் எளிதாகத் திறக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர், உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாளை உருவாக்கி 1892இல் காப்புரிமை பெற்றார்.

கடல் தாண்டி அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இரோக்வா தியேட்டர் தீப்பிடித்தது. திறந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத புதுத் தியேட்டர். விடுமுறைக் காலப் பகல் காட்சி என்பதால் பெண்களும் குழந்தைகளும் நிறைந்திருந்தார்கள். பூட்டிய கதவுகள், பழக்கமில்லாதவர்களுக்குத் திறக்கத் தெரியாத தாழ்ப்பாள்கள். 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அன்று அந்தக் காட்சிக்குப் போக இருந்தவர் கார்ல் பிரின்ஸ்லர். இண்டியானாபொலிஸ் நகரில் வொன்னெகட் என்ற இரும்புச் சாமான் நிறுவனத்தில் விற்பனையாளர். வேலை வந்துவிட்டதால் போகவில்லை, தப்பினார். பூட்டும் தாழும் விற்றுப் பிழைத்த மனிதருக்கு, பூட்டும் தாழும் இத்தனை பேரைக் கொன்றது தாங்கவில்லை. ஹென்றி டூபாண்ட் என்ற பொறியாளரோடு சேர்ந்து, வெளியிலிருந்து பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் திறக்கும் அமைப்பைச் செய்து 1908இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வொன்னெகட், டூபாண்ட், பிரின்ஸ்லர் என்ற மூன்று பெயரையும் சேர்த்து 'வான் டூப்ரின்' என்று அதற்குப் பெயர். இன்றும் அந்தப் பெயரில் விற்கிறது. நம்மூர் மால்களிலும் சினிமா அரங்குகளிலும் அவசர வழிக் கதவில் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி பார்த்திருப்பீர்கள். அந்த வம்சம்தான்.

அதே 1908, மார்ச் 4. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்ட் அருகே காலின்வுட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது. வாசலருகே படிக்கட்டு முடியும் இடத்தில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து அடைத்துக்கொண்டார்கள். வெளியில் நின்ற பெற்றோர் கையைப் பிடித்து இழுத்தும் எடுக்க முடியவில்லை. 172 பிள்ளைகள், 2 ஆசிரியைகள், காப்பாற்றப் போன ஒருவர் இறந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, 1958 டிசம்பர் 1 அன்று, சிகாகோவில் 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' பள்ளியில் தீ. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் போனார்கள்.

இத்தனைக்கும் பிறகு அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு விதி கல்வெட்டாக நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர் எந்த நேரத்திலும், சாவியில்லாமல், ஒரே அசைவில் வெளியே வர முடிய வேண்டும். வகுப்பறைப் பூட்டும் அப்படியே அமைந்தது. உள்கைப்பிடி எப்போதும் திறக்கும். வெளிக்கைப்பிடியை மட்டும் பூட்டலாம், அதுவும் வெளிப்பக்கத் துளையில் சாவி போட்டுத்தான். உள்ளே திருகு வைத்தால் குறும்புக்காரப் பையன் ஆசிரியரை வெளியே நிறுத்திப் பூட்டிவிடுவான் என்ற கவலையும் உண்டு. அந்தக் காலத்துக்கு அது சரியான பூட்டுதான். நெருப்புக்குப் பயந்து செய்த பூட்டு. மனிதனுக்குப் பயந்து யாரும் யோசிக்கவில்லை.

1999 ஏப்ரல் 20இல் கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் அங்கே படித்த இரண்டு மாணவர்களே துப்பாக்கியோடு வந்தார்கள். அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். அதன் பிறகு பூட்டு நிறுவனங்கள் உள்பக்கமும் சாவித் துளை வைத்த பூட்டுகளைக் கொண்டுவந்தன. ஆனால் பயத்தில் கை நடுங்கும்போது சாவிக் கொத்தில் சரியான சாவியைத் தேடி, துளையில் நுழைத்து, எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பது எத்தனை பேரால் முடியும்? நம் வீட்டு வாசலில் மழையில் நின்று சாவி தேடிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். மழைக்கே அப்படி.

அடுத்து வருவது எனக்கு மிக அருகில் வந்து தொட்ட செய்தி.

2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். அங்கே படித்த ஒரு மாணவன் நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் வாசல் கதவுகளை உள்ளிருந்து சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, மாடியில் வகுப்பு வகுப்பாகப் போனான். அந்தக் கட்டடத்தில் மட்டும் 30 பேர், அன்று மொத்தம் 32 பேர். 206ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர், கோவை பி.எஸ்.ஜி. பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தவர். அவரும் அவருடைய மாணவர்கள் பலரும் அந்த அறையிலேயே இறந்தார்கள். நான் அவரைச் சந்தித்ததில்லை. ஆனாலும் அந்த வாரம் கோபிப் பக்கம் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. எங்கள் மண்ணிலிருந்து போய், தண்ணீரைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் வகுப்பறைக்குள் சுடப்பட்டார் என்பதை யாராலும் நம்ப முடியவில்லை.

அந்த வகுப்பறைக் கதவுகளை உள்ளிருந்து பூட்ட வழியில்லை. 204ஆம் அறையில் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர், ருமேனியாவில் பிறந்து ஹிட்லர் காலத்துக் கொடுமையில் உயிர்தப்பியவர், கதவைத் தன் உடம்பால் அடைத்து நின்றார். மாணவர்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். அவர் பிழைக்கவில்லை. 205ஆம் அறையில் மாணவர்கள் பெரிய மேஜையைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கதவின்மீது சுட்டான், தள்ளிப் பார்த்தான், திறக்கவில்லை. அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகள். ஓர் அறையில் கதவு மூடியே இருந்தது, பிழைத்தார்கள். ஓர் அறையில் ஒரு கிழவர் தாழ்ப்பாளாக நின்றார். லோகநாதன் அறைக்குக் கதவு தடையாக இல்லை.

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி. 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். பள்ளியின் முன்வாசல் பூட்டித்தான் இருந்தது. பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். வகுப்பறைக் கதவைப் பூட்டவோ ஆசிரியை சாவியோடு தாழ்வாரத்துக்கு வர வேண்டும். மாநில ஆளுநர் அமைத்த ஆலோசனைக் குழு 2015இல் அறிக்கை கொடுத்தது. பரிந்துரைகள் பல. அதில் ஒன்று, எல்லா வகுப்பறைகளிலும் ஆசிரியரோ மாற்று ஆசிரியரோ உள்ளிருந்தே பூட்டக்கூடிய கதவு வேண்டும் என்பது. பூட்டிய வகுப்பறைக் கதவை உடைத்துக்கொண்டு துப்பாக்கிக்காரன் நுழைந்ததாகத் தங்கள் முன் வந்த சாட்சியங்களில் எதுவும் இல்லை என்று அந்தக் குழு பதிவு செய்தது. மாற்று ஆசிரியர் என்று குறிப்பிட்டுச் சொன்னதைக் கவனியுங்கள். ஒருநாள் வேலைக்கு வருகிறவரிடம் சாவி இருக்காது.

ஆனால் பரிந்துரை காகிதத்தில்தான் இருந்தது. 2018 பிப்ரவரி 14இல் ஃபுளோரிடாவில் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர். அங்கும் கதவைப் பூட்ட ஆசிரியர் வெளியே வர வேண்டும். சுட்டவன் எந்த வகுப்பறைக்குள்ளும் போகவேயில்லை. கதவிலிருந்த கண்ணாடி வழியாகவும் தாழ்வாரத்திலும் சுட்டே அத்தனை உயிரையும் எடுத்தான். பூட்டு மட்டும் போதாது, கண்ணாடியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையும் வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். என் பேத்தி உட்கார்ந்த மூலை அதுதான்.

2022 மே 24இல் டெக்சாஸில் யுவால்டி என்ற ஊரின் தொடக்கப் பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அங்கேயும் வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டும் கதவுதான். அவன் நுழைந்த அறைகளில் ஒன்றான 111இன் கதவு சரியாகப் பூட்டிக்கொள்வதில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. பழுது பார்க்கவில்லை. கொடுமை என்னவென்றால், போலீஸார் 77 நிமிடம் வெளியே நின்றார்கள், சாவி தேடினார்கள். கதவு பூட்டியிருக்கிறது என்று நினைத்தார்கள். அது பூட்டாமலே இருந்திருக்க வேண்டும் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ரிப்பேர் லிஸ்டில் ஒரு கதவு பல மாதம் கிடப்பது எப்படி என்று அரசுப் பணியில் இருந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் உள்ளே பெரிய இரும்புத் தாழ் போட்டுவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். அமெரிக்காவிலும் பலருக்கு அப்படித்தான் தோன்றியது. தரையில் குத்தும் கம்பி, கதவுக்கடியில் சொருகும் இரும்புத் துண்டு என்று பெற்றோர்கள் பணம் திரட்டிப் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். தீயணைப்புத் துறையினர் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. கனமான கம்பியை ஆறு வயதுக் குழந்தையால் எடுக்க முடியுமா? ஆசிரியை மயங்கி விழுந்தால் யார் திறப்பது? புகையில் கண் தெரியாதபோது? இன்னொன்றும் உண்டு. 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்களின் ஒற்றை அறைப் பள்ளியில் புகுந்தவன், மரப்பலகைகளைக் கொண்டுவந்து கதவை உள்ளிருந்து அடைத்துவிட்டான். பையன்களை வெளியே அனுப்பிவிட்டுச் சிறுமிகளை வைத்துக்கொண்டான். 5 சிறுமிகள் இறந்தார்கள். உள்ளிருந்து பூட்டும் வசதி எதிரி கையிலும் சிக்கும்.

இந்த இரண்டு பயத்தையும் சேர்த்துவைத்து எழுதியதுதான் 2018 பதிப்புக் கட்டட, தீப்பாதுகாப்புக் குறியீடுகளில் வந்த விதி. சுருக்கமாகச் சொல்கிறேன். கதவைத் திறக்காமலே உள்ளிருந்து பூட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் சாவியோ கருவியோ தனிப் பயிற்சியோ இல்லாமல் திறந்து வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து பொறுப்பானவர்கள் சாவியால் திறக்க முடிய வேண்டும். கைப்பிடி தரையிலிருந்து 34 முதல் 48 அங்குலத்துக்குள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பார்க்கச் சின்ன விதிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

பூட்டு துப்பாக்கியை ஒழிக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு அந்த நாட்டு மக்கள்தான் வழி காண வேண்டும். மகள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். ஆனால் நாளைக் காலை பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பெரிய விவாதம் முடியும்வரை நேரமில்லை. திருகு ஒன்று பொருத்த ஒரு மணி நேரம் போதும்.

இனி நம்மூருக்கு வருகிறேன். நம் வகுப்பறைகளில் துப்பாக்கிப் பயம் இல்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் முதல் பயம், சண்டர்லாண்ட் பயம், நமக்கு இன்னும் தீரவில்லை.

2004 ஜூலை 16. கும்பகோணம். சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி, மாடியில் கீற்றுக் கொட்டகைக்குள் இருந்த 94 குழந்தைகள் போனார்கள். இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. சட்டம் எழுதத் தெரிந்த நாட்டில், பாடம் 121 வருடம் கழித்தும் போய்ச் சேராத மாடி அது. அதன் பிறகு தமிழகம் முழுவதும் பள்ளிக் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் பிள்ளைகளின் உரிமையே என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த 2004இல் பள்ளிகளை ஆய்வு செய்யப் போன குழுக்களில் நானும் இருந்தேன். ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) பின்பக்கம் நல்ல அகலமான இரும்புக் கேட். பெரிய பூட்டு தொங்கியது. சாவி எங்கே என்றேன். வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் எங்கே? டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து, துருவேறிய பூட்டைத் திறக்க 11 நிமிடம் ஆயிற்று. கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

"பூட்டலைன்னா பசங்க ஓடிப் போயிருவாங்க சார்" என்றார் அவர்.

சிரிக்கவில்லை நான். மேலே போய் வகுப்பறைகளைப் பார்த்தேன். எல்லாக் கதவிலும் வெளிப்பக்கம் கொண்டி. யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து மாட்டிவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பவர் கத்தத்தான் வேண்டும். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒருமுறையாவது அப்படி மாட்டியிருப்போம், இல்லை மாட்டிக்கொண்டிருப்போம். அறிக்கையில் கேட்டைப் பற்றி எழுதினேன். கொண்டியைப் பற்றி எழுதவில்லை. ஏனென்றால் அந்த மாதிரிக் கதவை இத்தனை வருடம் வரைந்து கொடுத்தவனே நான்தான். மேஜை நாற்காலி களவு போகாமல் இருக்க வரைந்த கதவு அது. உள்ளே பிள்ளைகள் இருக்கும்போது அந்தக் கதவு என்ன செய்யும் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஓய்வுபெற்று, பேத்தியின் வகுப்பில் நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலருக்கும் பேரன் பேத்திகள் பள்ளிக்குப் போகிற வயது. அடுத்தமுறை அழைத்துவரப் போகும்போது ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். மூன்று விஷயம் பாருங்கள். வகுப்பறைக்கு வெளிப்பக்கம் கொண்டி இருந்தால், பள்ளி நேரத்தில் அதை மாட்ட முடியாதபடி பூட்டை அந்த வளையத்திலேயே பூட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். காசு செலவில்லை. உள்பக்கத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுகிறதா, சின்னக் கையால் நகர்கிறதா என்று பாருங்கள். பின்கேட் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

தலைமையாசிரியர் கொஞ்சம் முறைக்கலாம். பரவாயில்லை. நான் போன வாரம் எங்கள் தெருமுனைப் பள்ளியில் கேட்டேன். முறைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது கொண்டிகளில் பூட்டு தொங்கியது.